கைராசிக்காரி

அத்தையின் அழைப்பு வந்தபோது லியென் விடுதி மொட்டைமாடியில் கணவன் ராடெக்கின் பனியனைப் பிழிந்துகொண்டிருந்தாள். வீடியோ அழைப்பு. ஈரக்கையோடு அதைத் துண்டித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெறும் குரல் அழைப்பாகத் தானே திருப்பிக் கூப்பிட்டாள். படம் வராது அத்தை, இங்கே நெட் சரியில்லை என்றாள். இங்கே என்றால், அத்தையின் கணக்கில், செக் நாட்டு பிராக். ஹனோய் பழைய நகரத்தில், அத்தையின் செருப்புக் கடைக்கு நாலு தெரு தள்ளி ஒரு கொடிக்கயிற்றின் கீழே நின்றுகொண்டு, பிராக்கில் பனி கொட்டுகிறது, காலையில் கதவைத் திறக்கவே முடியவில்லை என்று அளந்துவிட்டாள்.

அப்போது பார்த்துத்தானா பழைய சாமான்காரனின் சைக்கிள் அந்தத் தெருவுக்குள் வரவேண்டும். கேரியரில் கட்டிய ஒலிபெருக்கியில் அந்தப் பழகிய குரல், பழைய இரும்பு, ஓடாத ஃபேன், கெட்டுப்போன டிவி என்று இழுத்துக்கொண்டு போனது. ஹனோயில் அதைக் கேட்காத காது கிடையாது, பிராக்கில் அதைக் கேட்க வழியே கிடையாது. லியென் கைப்பேசியை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். சைக்கிள் தெருமுனை தாண்டியதும் மறுபடி காதில் வைத்தாள்.

"அங்க குளிர் ஜாஸ்தியா?" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை."

"ஒடம்பப் பாத்துக்கடி."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். எடுத்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிற அத்தை. கேட்டிருக்காது, அத்தைக்கு இப்போது காது மந்தமாகியிருக்கும் என்று லியென் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பனியனை உதறிக் காயப்போட்டாள்.

இந்தப் பயணமே ராடெக்கின் திட்டம். மூன்று மாதம், முதுகில் ஆளுக்கொரு பை, ஹனோயில் தொடங்கி லாவோஸ், தாய்லாந்து என்று கால்போன போக்கில் இறங்குவது. சுற்றுலாப் பயணி என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால், ஏதோ தன் வீட்டுக் கூடத்தில் செருப்போடு நடந்துவிட்டதைப்போல முகம் சுளிப்பான். புறப்படும்போதே சொல்லிவிட்டான், முதல் ஊரில் சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியக்கூடாது. அவர்கள் கையில் மாட்டினால் சாப்பாட்டு மேசையைவிட்டு எழுந்திருக்க விடமாட்டார்கள், ஊர் பார்த்த மாதிரிதான். திரும்பி வரும்போது அத்தையைப் பார்க்கலாம். லியெனும் தலையாட்டினாள். தலையாட்டியது அவன் கட்டாயத்தால் மட்டும் இல்லை. ஏன் இத்தனை வருஷம் வரவில்லை என்று அத்தை கேட்பாள். அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட அவன் திட்டம் வசதியாகவே இருந்தது.

முதல் நாள் சூப்புக் கடையில் அவள் வாய்திறந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டாள். கடைக்காரி உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தத் தெருப் பொண்ணு, இவன் புருஷனா, குழந்தை குட்டி உண்டா என்று தொடங்கிவிட்டாள். ராடெக்கின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. வெளியே வந்ததும், "நீ பேசிட்டா வெளையாட்டே கலைஞ்சுபோகுது, லென்கா. நாம ரெண்டு பேரும் இந்த ஊருக்குப் புதுசா இருக்கணும்" என்றான். லென்கா என்பது பிராக்கில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் தன் வாய் வசதிக்கு வைத்த பெயர். பேச்சில் ஏதோ காதல் இருப்பதாக லியெனுக்கு அப்போது பட்டது. மறுநாள் வேறொரு கடையில், பிறந்த ஊரின் சாப்பாட்டை அவள் விரலால் சுட்டிக்காட்டி வாங்கினாள். பரிமாறியவள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், "மூஞ்சியப் பாரு, அப்படியே நம்ம பொண்ணு மாதிரி. வாயத் தொறந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. கொரியாக்காரியா இருக்கும்." லியென் புரியாதவளைப்போலச் சிரித்துவைத்தாள்.

அப்பாவும் அம்மாவும் அவளுடைய இரண்டாவது வயதில் செக் நாட்டுக்கு வேலைக்குப் போனார்கள். அவளை அப்பாவின் தங்கை தோவாவிடம் விட்டுப் போனார்கள். அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், செருப்புக்கு ஜோடி தேடவே பொழுது போதவில்லை, எனக்கு எங்கே தேட என்பாள். செருப்புத் தெருவில் அத்தையின் கடை, ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும் அகலம். அந்தத் தெருவுக்கே முதல் போணியில்தான் உயிர். கடை திறந்ததும் முதலில் வருகிறவர் எதையாவது வாங்கிவிட்டால் நாள் முழுக்க வியாபாரம் ஓடும். எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் அன்றைக்கு ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படிப் போகிறவர் தெருமுனை தாண்டுவதற்குள், பீடை போக ஒரு காகிதத்தைக் கொளுத்தி வாசலைச் சுற்றிப் போடுவார்கள். வாங்கியவருக்கு யாரும் காகிதம் கொளுத்துவதில்லை.

அந்த வம்பே வேண்டாமென்று அத்தை ஒரு வழி வைத்திருந்தாள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பள்ளிச் சீருடையில் இருக்கும் லியெனை வெளியே நிறுத்தி, கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, வாடிக்கைக்காரியாக உள்ளே வரச்சொல்வாள். என்ன வேணும்மா என்று அத்தை கேட்பாள். சிவப்பு லேஸ் ஒரு ஜோடி என்பாள் லியென். அத்தை நோட்டை வாங்கி, அடுக்கியிருக்கும் செருப்புகளையெல்லாம் அதனால் வருடிவிட்டுக் கல்லாவில் போடுவாள். "என் கைராசிக்காரி" என்று கன்னத்தைக் கிள்ளுவாள். சாயங்காலம் அந்த லேஸ் பழையபடி ஆணியில் தொங்கும்.

ஒன்பது வயதில் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். இப்போது யார் போணி பண்ணுகிறார்கள் என்று லியென் அங்கிருந்து தொலைபேசியில் அழுதுகொண்டே கேட்டபோது, நீ வருகிற வரைக்கும் ஏதோ ஓடும் என்றாள் அத்தை. வருஷங்கள் ஓடின. பேச்சு வாரத்துக்கு ஒன்றாகி, பண்டிகைக்கு ஒன்றாகி, அப்புறம் அத்தை மட்டும் கூப்பிடுவதாகி நின்றது. ராடெக்கோடு பதிவுத் திருமணம் முடிந்து லியென் ஒரே ஒரு படம் அனுப்பினாள், தூரத்திலிருந்து எடுத்தது, முகம் சரியாகத் தெரியாது. ஆள் நல்ல உயரம், கால் என்ன நம்பர் என்று அத்தை கேட்டாள். நாற்பத்தாறு என்றாள் லியென். அந்த அளவுக்கு இந்த ஊரில் செருப்பு அச்சே கிடையாது, சொல்லித்தான் செய்யவேண்டும், செய்து வைக்கிறேன், மாப்பிள்ளை வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றாள் அத்தை. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று லியென் நினைத்தாள், பிறகு மறந்தும்போனாள்.

அத்தை கூப்பிட்டதற்கு மறுநாள் மதியம் மலைப்பக்கம் போகும் பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. காலையில் லியென் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மறைக்கிற துணி முகமூடியை மாட்டிக்கொண்டாள். ஸ்கூட்டர் ஓட்டுகிற ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போவார்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எதிர்ச்சாரியிலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்பதுதான் அவளுடைய எண்ணம். காபி குடிக்கக் குறுக்கு வழி என்று சொல்லி ராடெக்கைச் செருப்புத் தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். அவனுடைய செருப்பின் வார் முந்தின நாளே அறுந்துபோயிருந்ததை அவள் யோசிக்கவே இல்லை.

அத்தை அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. ஷட்டரைப் பாதிவரை தூக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, மிச்சத்தை ஒரு கம்பால் தள்ளினாள். லியெனுக்குக் கண் கலங்கியது. அதற்குள் ராடெக் ரோட்டில் இறங்கிவிட்டான்.

"இங்க வேண்டாம், ராடெக். அடுத்த கடை பாக்கலாம்."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். அது என் அத்தை. அல்லது, இன்னும் போணி ஆகவில்லை, வாங்குகிறதாக இருந்தால் மட்டும் போ. இரண்டையும் சொல்லாமல், விலை அதிகமாக இருக்கும் என்றாள். கேட்காமலே எப்படித் தெரியும் என்று சிரித்துவிட்டு அவன் போய்விட்டான்.

அகலமில்லாத தெரு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடந்தது. அத்தை முக்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒவ்வொரு ஜோடியாக இறக்கினாள். எதுவும் அவன் காலில் பாதிக்கு மேல் ஏறவில்லை. குழந்தைகளின் செருப்பு ஒன்றைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு படம் எடுத்தான், அத்தையையும் சேர்த்து ஒன்று எடுத்தான். அத்தை சிரிக்கவில்லை. போணி நேரம், அவள் கவனமெல்லாம் அவன் எதையாவது வாங்கவேண்டும் என்பதில் இருந்தது. அவன் மேல் தட்டைக் காட்டினான். அத்தை தலையையும் கையையும் ஆட்டினாள். அவன் மறுபடி காட்டினான். அத்தை சட்டென்று குரலை உயர்த்தினாள், "அது விக்கிறதுக்கு இல்லப்பா. அது எங்க வீட்டு ஆளுக்கு." அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு, தரை முழுக்கக் கலைந்துகிடந்த செருப்புகளைத் தாண்டி வெளியே வந்தான்.

"மேல ஒரு டப்பா இருந்துச்சு, லென்கா. நாப்பத்தாறுன்னு பெருசா எழுதியிருக்கு, என் அளவேதான். குடுக்கமாட்டேங்கறாங்க. வெள்ளைக்காரனப் பாத்தா வெல ஏத்திப் பாக்கறாங்க போல."

லியென் அவனைத் தாண்டி அந்த மேல் தட்டைப் பார்த்தாள். எதிரே அத்தை ஒரு பழைய செய்தித்தாளைக் கிழித்து, முறுக்கி, லைட்டரால் பற்றவைத்தாள். முக்காலியைச் சுற்றி, வாசலைச் சுற்றி, கலைந்த செருப்புகளின்மேல் வீசி, நல்லது நிற்கட்டும் கெட்டது போகட்டும் என்று முணுமுணுத்துச் சாக்கடைப் பக்கம் எறிந்தாள்.

"என்ன பண்றாங்க?"

"வழியனுப்பற சடங்கு. போற எடத்துல பயணம் நல்லபடியா அமையட்டும்னு" என்றாள் லியென்.

"எனக்காகவா?" அவன் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் புகையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டான். இவனை வெறுக்கக்கூட முடியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொன்னது அவன் இல்லை.

முனையில் நில், ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று அவனை அனுப்பிவிட்டு ரோட்டைத் தாண்டினாள். கெட்டுப்போன போணியையாவது சரி பண்ணிவிட்டுப் போகலாம் என்றுதான் போனாள். அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகமூடியைக் கழற்றிவிடுவேன் என்றும் மனதில் சொல்லிக்கொண்டாள். கூப்பிட்டால் போதும், அப்புறம் பஸ்ஸாவது மலையாவது.

அத்தை குனிந்து செருப்புகளுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "என்ன வேணும்மா?" என்றாள்.

லியெனுக்கு வாய் தானாகச் சொல்லிவிட்டது. "செவப்பு லேஸ். ஒரு ஜோடி."

அத்தையின் கை அப்படியே நின்றது. மெதுவாக நிமிர்ந்து, தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவில் தெரிந்த கண்களைப் பார்த்தாள். பிறகு தெருமுனையில் நின்றுகொண்டிருந்த உயரமான ஆளைப் பார்த்தாள். அவனுடைய காலைப் பார்த்தாள். ஆணியிலிருந்து லேஸை எடுத்துக் காகிதத்தில் சுற்றுவதற்கு வேண்டியதைவிட நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

"வெளியூருங்களா?"

லியென் தலையாட்டினாள்.

"அங்க பனி எப்படி இருக்கு?"

தெருவில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டே இருந்தன. முகமூடிக்குள் லியெனின் மூச்சு சுட்டது. கையைத் தூக்கி காதோரத்து நாடாவை இழுத்தால் போதும். கை மேலே எழவும் செய்தது. ஆனால் அந்த நரைத்த தலைக்கும் இடுப்புவலிக்கும் மேல் தட்டு டப்பாவுக்கும் என்ன சொல்வது என்று தெரியாமல், அந்தக் கை தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டது.

"கொட்டுது" என்றாள்.

"ஒடம்பப் பாத்துக்கங்க" என்றாள் அத்தை.

நீட்டிய நோட்டை வாங்கிக்கொண்டாள். அந்த நோட்டால் எந்தச் செருப்பையும் வருடவில்லை. நேராகக் கல்லாவில் போட்டு மூடினாள்.

லியென் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பக்கத்துத் தெருவில் பழைய சாமான்காரனின் ஒலிபெருக்கி கேட்டது. முனைக்கு வந்ததும் ராடெக் அவள் தோளைத் தட்டினான்.

"அங்க பாரு, லென்கா. ஒனக்கும் பண்றாங்க."

அவள் திரும்பினாள். மேல் தட்டிலிருந்த டப்பா வாசலில் திறந்துகிடந்தது. விற்பனைக்கு வைத்திருக்கிற செருப்புகளின் வரிசையில், எல்லாவற்றுக்கும் முன்னால், பெரிய கறுப்புத் தோல் ஷூ ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. அதற்குள் திணித்திருந்த காகிதத்தை அத்தை உருவி எடுத்து, பற்றவைத்து, வாசலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காகிதம் எரிந்து விரலை நெருங்கும்வரை அவள் கீழே போடவில்லை. ராடெக் சந்தோஷமாகக் கையை உயர்த்தி ஆட்டினான்.