வாசல்காவலரின் நன்றி

பேராசிரியர் ஒட்மார் வீகண்ட், பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே நின்று கை நடுங்காமல் அறுவை செய்த மனிதர். அப்பேர்ப்பட்டவருக்குத் தன் மருத்துவமனை வாசலைத் தாண்டுவதென்றால் மட்டும் பயம். காரணம், அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாசல்காவலர் வெல்டன் ஷௌப்.

வெல்டனுக்கு இடது கால் தொடைக்குக் கீழே மரம். அந்த மரத்தை அவர் மறைத்ததே இல்லை. உள்ளே போகப் பயந்து அழும் நோயாளி யாராவது கண்ணில் பட்டால் போதும், தடியால் அதைத் தட்டிக்காட்டிப் பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

"எதுக்கும்மா இப்படி மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கிற? இங்க பாரு. காலுதான் போச்சு, ஆளு இருக்கேன்ல? எலும்புல புத்து வந்து பொழச்சவன் இந்த ஹெஸ்ஸன் சீமையிலயே நான் ஒருத்தன்தான். எங்க புரொபசர் ஐயா வந்து நின்னா, சாவே தொப்பியைக் கழட்டிட்டு ஒதுங்கி வழி விடும். அதோ ஐயாவே வர்றார் பாரு! வணக்கம் ஐயா! உங்க புண்ணியத்துல இன்னிக்கும் மூச்சு விடுறேன்!"

வீகண்ட் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார். ஊர் அதைப் பணிவு என்று சொல்லிக்கொண்டது. நல்ல ஊர்!

நடந்தது இதுதான். வெல்டன் அப்போது வீடுகளுக்கு ஓடு வேய்கிறவர். கூரையிலிருந்து விழுந்தார், எழுந்தார், நொண்டிக்கொண்டே வேலைக்கும் போனார். சில வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே எலும்போடு ஒட்டிக் கல் மாதிரி ஒரு வீக்கம். மாணவர்கள் நிறைந்த வகுப்பில் வீகண்ட் அதைத் தொட்டுப் பார்த்தார். "எலும்புப் புற்று" என்றார். அன்றைக்கே காலை எடுத்தார்.

அந்தக் காலத்தில் அவர் வழி அது. முதலில் கத்தி, அப்புறம் நுண்ணோக்கி. உயிரோடிருப்பவரை அறுப்பவரும் அவரே, அறுத்ததை ஆராய்பவரும் அவரே. இடையில் நின்று கேள்வி கேட்க ஆளில்லை. எலும்பைச் சீவிப் பார்க்க வேண்டுமானால் வாரக்கணக்கில் அமிலத்தில் ஊறவைத்து மெதுவாக்க வேண்டும். அவ்வளவு பொறுமை வீகண்டின் நாக்குக்கு இல்லை. அதற்குள் பெர்லினுக்குப் போய், அறுவை மருத்துவர்கள் கூட்டத்தில் பேசி, கைதட்டல் வாங்கி, கட்டுரையும் அச்சாகி வந்துவிட்டது. புற்று வந்த எலும்பைத் தக்க நேரத்தில் வெட்டி மனிதனைக் காப்பாற்றியவர் என்று பெயர் பரவிவிட்டது. அரண்மனையிலிருந்து பட்டமும் வந்தது.

பிறகுதான் அவர் நுண்ணோக்கிக்கு அடியில் அந்த எலும்பைப் பார்த்தார். புற்று இல்லை. ஒன்றுமே இல்லை. விழுந்ததில் எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது, கீறலைச் சுற்றிப் புது எலும்பு பிஞ்சாக வளர்ந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். தானாக ஆறிக்கொண்டிருந்த காலை வெட்டி எறிந்திருக்கிறார். சும்மா விட்டிருந்தால் வசந்த காலத்தில் வெல்டன் மறுபடி ஏணி ஏறியிருப்பார்.

நாளைக்கு பெர்லினுக்கு எழுதிவிடலாம் என்று நினைத்தார். நாளைக்கு, நாளைக்கு என்று வருடங்கள் போயின. எழுதவில்லை. ஆனால் வழியை மாற்றிக்கொண்டார். எந்தக் கட்டியானாலும் முதலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்காமல் கத்தி வைப்பதில்லை. மாணவர்கள் அவருக்கு "துண்டு புரொபசர்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். என்ன நிதானம், என்ன ஞானம் என்று பெரியவர்கள் மெச்சினார்கள். கால் போனவருக்கு வாசல்காவல் வேலை வாங்கிக் கொடுத்தபோது, என்ன இரக்கம் என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு ஊரே திரண்டு மாலை போட்டது. வருடாவருடம், வாத்துக் கறி சமைக்கும் மார்ட்டின் திருநாள் தவறாமல் வெல்டன் கொழுத்த வாத்தொன்றைக் கொண்டுவந்து கொடுப்பார். வீகண்டின் மனைவி அதை ஆப்பிள் வைத்து வறுப்பாள். வீகண்டுக்கு ஒரு வாய் இறங்காது. "வயிறு சரியில்லை" என்பார்.

அந்த இலையுதிர் காலத்தில் வெல்டனின் மகள் எல்ஸ்பெத் ஆப்பிள் பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்தாள். பதினாறு வயது. கொஞ்ச நாளில் வலது முழங்காலுக்குக் கீழே வீக்கம், கல் மாதிரி. வெல்டன் அவளைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

"அப்பாவுக்கு இடது, எனக்கு வலது. இனிமே ஒரு ஜோடி ஷூ வாங்கினா வீட்டுக்கே போதும் ஐயா" என்றாள் எல்ஸ்பெத். சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு கோணிவிட்டது. வீகண்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

துண்டு எடுத்தார். சின்னத் துண்டு, சில நாள் அமிலத்தில் ஊறியதே போதுமாக இருந்தது. பார்த்தார். ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்தார். உதவி மருத்துவர் ருல்மானையும் பார்க்கச் சொன்னார். சந்தேகமே இல்லை. அதே பிஞ்சு எலும்பு. ஆறிக்கொண்டிருக்கிறது. அப்பனையும் மகளையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஷௌப், நல்ல சேதி. புத்து இல்ல. எலும்பு கூடிக்கிட்டிருக்கு. கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க, போதும்."

வெல்டன் முகம் மலரவில்லை. இறுகியது.

"ஐயா, என்கிட்ட மறைக்காதீங்க. முத்திப்போச்சா? வெட்டினாலும் பிரயோசனம் இல்லையா?"

"இல்ல இல்ல. நோயே இல்லைங்கிறேன்."

"அதே எடம், அதே வீக்கம். நானும் விழுந்தேன், அவளும் விழுந்தா. என் காலுக்கு நீங்க துண்டா எடுத்துப் பாத்தீங்க? தொட்டீங்க, வெட்டினீங்க, நான் கல்லு மாதிரி இருக்கேன். அவளுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?"

"அது வேற, இது வேற" என்றார் வீகண்ட். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"என்ன வேற? பக்கத்து ஊர்ல உங்ககிட்டப் படிச்ச டாக்டர் இருக்காரே, அவர்கிட்டயும் காட்டிட்டேன். கோவிச்சுக்காதீங்க, பெத்த மனசு. 'உங்க காலைப் பத்தி எங்க புரொபசர் எழுதினது எனக்கு மனப்பாடம், ஷௌப். இந்த மாதிரி வீக்கத்துக்குக் காத்திருக்கவே கூடாது'ன்னுட்டார். நாளைக்குக் காலையில ரயிலுக்குக் கெளம்புறோம். அங்க வெட்டிடுவாங்க."

எல்ஸ்பெத் பாவாடைக்கு மேலாகவே தன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

 ருல்மான் ஜன்னலோரம் நின்றிருந்தார். அவரை வெளியே அனுப்பிவிடலாம் என்று வாயெடுத்தார் பேராசிரியர். இந்த நேரத்திலும் மானத்தைப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. அனுப்பவில்லை.

"ஷௌப், உங்களுக்கு இருந்ததும் புத்து இல்ல."

"எது?"

"உங்க காலும் இப்படித்தான் இருந்துச்சு. இவளுக்கு இருக்கற மாதிரியேதான். ஆறிக்கிட்டிருந்தது. நான் பாக்காம வெட்டிட்டேன்."

வெல்டன் சிரித்தார். பொண்ணைச் சமாதானப்படுத்த ஐயா கதை விடுகிறார் என்றே நினைத்தார். பிறகு ருல்மானின் முகத்தைப் பார்த்தார். அந்த இளைஞர் சுவரோடு சுவராக வெளுத்து நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"காலை எடுத்த ஒண்ணரை மாசத்துல."

"ஒண்ணரை மாசத்துல" என்று வெல்டன் திருப்பிச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தார். வீகண்டுக்கு எதிரே அனுமதி கேட்காமல் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"காலு போனதுக்கு நான் ஒரு நாளும் அழுததில்ல. உசிருக்கு அதான் வெலைன்னு குடுத்தேன். நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன். அதுகூடப் போகட்டும், டாக்டரும் மனுசன்தான், கை தவறும். ஆனா இத்தனை வருசமா அந்த வாசல்ல என்னை உக்கார வச்சு, வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சத்தியம் பண்ண விட்டுக் கேட்டுக்கிட்டே உள்ள போனீங்களே. என்னைப் பொய்ச்சாட்சி சொல்ல வச்சுட்டீங்களே ஐயா. சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபத்துல உங்க பேரு. இவளுக்குப் பேச்சு வந்த நாள்லருந்து உங்க பேரைச் சொல்லிக்குடுத்தேன்."

"மன்னி..." என்று ஆரம்பித்தார் வீகண்ட். அந்தச் சொல் அவ்வளவு சின்னதாக இருந்தது அவருக்கு. முடிக்கவில்லை. வெட்கம் கழுத்துவரை ஏறி முகமெல்லாம் எரிந்தது. பெர்லினுக்கு எழுதுகிறேன், அந்த டாக்டருக்கு இன்றைக்கே தந்தி அடிக்கிறேன் என்றெல்லாம் சொன்னார். வெல்டன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"இவ காலு நிக்குமா?"

"நிக்கும். பனிக்காலம் முடியறவரைக்கும் தரையில ஊனக் கூடாது. அப்புறம் ஓடலாம், ஆடலாம்."

"சரி. நம்புறேன்" என்றார் வெல்டன். "இதைச் சொல்றதுல உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. அதனால நம்புறேன்."

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். எல்ஸ்பெத்துக்குப் பேச்சில் பாதி புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று, கால் இருக்கும். கண்ணில் நீர் பொங்க, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, சிறுவயதிலிருந்து சொல்லிக்கொடுத்தபடி பேராசிரியருக்கு முன்னால் முழங்காலை மடித்து வணங்கப் போனாள்.

"ரொம்ப நன்..."

"வேணாம்மா" என்றார் வெல்டன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அதை மட்டும் இவருக்குச் சொல்லாத."

வாங்கிக் குவித்த அத்தனை நன்றியிலும் எல்ஸ்பெத்தின் காலைக் காப்பாற்றியதற்கான இந்த ஒன்றுதான் தனக்கு நியாயமாக உரியது என்று வீகண்டுக்குத் தெரிந்தது. கேட்டு வாங்க முடியாது என்பதும் தெரிந்தது. எல்ஸ்பெத் அப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்து நிமிர்ந்தாள்.