செருப்புக் காவல்

பெரியம்மா வீட்டில் ஐந்து நாள் விடுமுறை. தினமும் நேரம் போட்டு, பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லியிருந்தார் மாலை வகுப்பு ஆசிரியை. எழுதுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. காலையில் தூக்கம், மதியம் சாப்பாடு, மறுபடி தூக்கம், நாலரைக்குக் கடல்.

பெரியப்பா நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். விடுமுறையிலும் கழுத்தில் விசில் தொங்கும். அண்ணன் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். நடப்பதற்கு முன்பே நீந்தியவனாம். பெரியம்மா மல்லாந்து மிதந்தபடியே கரையில் இருப்பவர்களோடு குடும்பக் கதை பேசுவாள். நான் முழங்கால் வரை இறங்குவேன். அதை ‘குளித்தேன்’ என்று எழுதியது சரிதானா என்று இன்னும் சந்தேகம்.

நான்காம் நாள் மதியம், வீடே குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். திங்கள்: அண்ணி, செருப்புக் காவல். செவ்வாயும் அதுவே. புதனும் அதுவே. கை தன்பாட்டுக்கு எழுதியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

அண்ணி கூடத்தில் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மலையைத் தாண்டி, கடலே இல்லாத ஊர். ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது.

“அண்ணி, நீங்க ஏன் தண்ணியில இறங்கறதே இல்ல?”

“செருப்ப யாரு பாத்துக்கறது?”

“நிஜமாச் சொல்லுங்க.”

ஒரு டம்ளரைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

“கல்யாணமான புதுசுல ஒருநாள் இறங்கினேன். அலை தள்ளிவிட்டுது. ஊரையே கூட்டற மாதிரி கத்திட்டேன். மாமா விசிலடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. உங்க அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அன்னிக்கு வச்ச பேருதான் ‘கரைக்காரி’. மறுநாள் செருப்பப் பாத்துக்கன்னாங்க. நானும் உக்காந்துட்டேன்.”

“ஆசை இல்லையா?”

“இல்லாம என்ன? போற ஊர்ல கடல் எப்படி இருக்கும்னு கேப்பாங்க. செருப்பு எப்படி இருக்கும்னு வேணா சொல்றேன்.”

சிரித்தாள். கண் சிரிக்கவில்லை என்று எழுதினேன். அது பார்த்ததா, நினைத்ததா என்று தெரியாமல் அடித்துவிட்டேன்.

நாலரை மணி. எல்லோரும் செருப்பைக் கழற்றியதும், பத்தையும் ஈர மணலில் வரிசையாக வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இன்னிக்குக் காவல் நான்.”

“ஏய் ரிப்போர்ட்டர், அப்போ கரைக்காரிக்கு என்ன வேலை?” என்றான் அண்ணன்.

நான் எழுந்திருக்காமலே சொன்னேன்: “ஞாயித்துக்கிழம அண்ணி ஊர விட்டே போறாங்க. இன்னும் ஒழுங்காக் கால் நனைக்கல. சிரிக்கறவங்க இங்க வந்து செருப்போட உக்காருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அதிகப்பிரசங்கி என்று திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். பெரியப்பா விசிலைக் கழற்றி என் மடியில் போட்டார்.

“இது இருந்தா என் வாய் சும்மா இருக்காது.”

பெரியம்மா அண்ணியின் கையைப் பிடித்தாள். “வாம்மா. கத்தணும்னா கத்து. கடல் என்ன கோவிச்சுக்கவா போகுது?”

மறு கையை அண்ணன் பிடித்தான். அவள் காதில் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

முதல் அலை கணுக்காலோடு திரும்பியது. இரண்டாவது முழங்காலைத் தொட்டது. மூன்றாவது இடுப்பில் அறைந்தது. அண்ணி கத்தினாள். உடனே பெரியம்மாவும் கத்தினாள். பிறகு பெரியப்பா, பிறகு அண்ணன். அடுத்த அலைக்கு நாலு பேரும் சேர்ந்து கத்தினார்கள். நான் எழுந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குனிந்து பார்த்தபோது ஒன்பதுதான் இருந்தது. பெரியப்பாவின் இடது செருப்பு அலையேறிப் போய்க்கொண்டிருந்தது.

“நல்ல காவல்!” என்று ஒற்றைச் செருப்போடு வீடு வரை முணுமுணுத்தார் பெரியப்பா.

அண்ணி தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட, குளிரில் பல் தந்தியடிக்க, எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நின்று திரும்பினாள்.

“காஞ்ச மணல்ல வைக்கணும், தெரியாதா? ரெண்டு வருஷத்துல என் காவல்ல ஒண்ணாவது போயிருக்கா, கேளு!”