ஃபோண்டோவின் சீட்டி

ஃபோண்டோ இறந்து மூன்று மாதம் கழித்துக் காட்டுக்குள் அவனுடைய சீட்டி கேட்கத் தொடங்கியது.

முதலில் கேட்டவள் ஸிதி. பட்டாம்பூச்சிப் புழுக்களுக்குத் தழை ஒடிக்கப் போனவள், கூடையைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"மூணு நீட்டு, ஒரு வெட்டு. வேற யாருக்கு வரும் அது?" என்றாள் குழாயடியில்.

ஃபோண்டோவின் மனைவி ஜும்வா குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். குடம் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

அந்த வாரமே இன்னும் நான்கு பெண்கள் கேட்டார்கள். ஐந்தாறு வருடமாக அந்த ஊர்ப் பெண்கள் வலைக்கூண்டில் புழு வளர்த்து, கூட்டுப்புழுவாக்கி, பஞ்சில் சுற்றி வெளிநாட்டுப் பட்டாம்பூச்சிக் காட்சிக்கூடங்களுக்கு அனுப்பிப் பிழைத்து வந்தார்கள். மரம் நின்றால்தான் தழை, தழை இருந்தால்தான் புழு. அதனால்தான் காட்டைக் காக்க ஊரே ஒரு காவல் குழு வைத்தது. அதன் தலைவன் ஃபோண்டோ. மே மாத மழை ஓய்ந்த கையோடு, திருட்டுத்தனமாக வெட்டப்பட்ட ஒரு மரத்தடியில் நசுங்கிக் கிடந்தான். வெட்டியவர்கள் யாரென்று தெரியவில்லை.

பெரியவர்கள், முன்னோருக்காக நட்ட கல்லறைக் கம்பத்தடியில் கள்ளும் மாவும் வைத்து வேண்டிக்கொண்டார்கள். சீட்டி நிற்கவில்லை. பெண்கள் காட்டுக்குப் போவதை நிறுத்தினார்கள். காவல் குழுவின் ஆண்களும் ஓரத்தோடு சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். கூண்டுகளில் புழுக்கள் வெறும் காம்பைப் பற்றியபடி செத்து விழுந்தன.

"உன் வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்பவும் யாரையும் நிம்மதியா விட்டதில்ல. நீதான் போய்ப் பேசணும் ஜும்வா. களி ஆறிப்போச்சு, வாங்க வாங்கன்னு சொல்லிப் பாரு" என்றாள் ஸிதி. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ஜும்வாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

ஜும்வாவின் நெஞ்சில் ஒன்று கிடந்தது. அவன் இறந்த அன்றைக்கு அந்தச் சீட்டி அவள் காதில் விழுந்திருந்தது.

அன்று காலையில் இருவருக்கும் சண்டை. "உன் தம்பி தோயா மரம் திருடுற ரம்பக்காரங்களோட சுத்துறான். ஒரு நாள் என் கையில மாட்டுவான்" என்று ஃபோண்டோ சொன்னான். "என் பொறந்த வீட்டைக் குத்தம் சொல்லாட்டி உங்களுக்குச் சோறு இறங்காது" என்று இவள் எரிந்து விழுந்தாள். மத்தியானம் கூட்டுப்புழுப் பெட்டிகளை ஏற்ற வண்டி வரும் நாள். பஞ்சில் சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டுப் பக்கமிருந்து சீட்டி வந்தது. அவளைக் கூப்பிட அவன் எப்போதும் அடிப்பது அதுதான். மறுபடி வந்தது. சமாதானம் பேசக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். கூப்பிடட்டும், என்று வீம்பாக உட்கார்ந்திருந்தாள். வண்டி வந்து போன பிறகும் கேட்டது. பொழுது சாய்ந்தபோது நின்றது. ராத்திரிக் காவலுக்குத் தங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில்தான் அவனைக் கண்டெடுத்தார்கள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புழுக்கள் பாதிக்கு மேல் செத்த பிறகு, ஒரு நாள் காலை வெயிலில் அவள் தனியாகக் காட்டுக்குள் போனாள். கொஞ்ச தூரத்தில் சீட்டி எழுந்தது. மூன்று நீட்டு, ஒரு வெட்டு. மரத்தைப் பிடித்து நின்றுவிட்டு, அந்தத் திக்கிலேயே நடந்தாள்.

அவன் செத்த இடத்துக்கே அது கொண்டுபோய் விட்டது. விழுந்த மரம் அப்படியே கிடந்தது. அதற்கப்பால் புதிதாக மூன்று அடிமரங்கள். வெட்டு வாய் இன்னும் ஈரம் காயவில்லை. மரத்தூளின் மேல் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருவர் இழுக்கும் ரம்பம். அவள் தம்பி தோயா.

"அக்கா, உனக்கும் கேக்குதா?"

"கேக்குது."

"மத்தவங்க பயந்து ஓடிட்டாங்க. எனக்குக் கால் வரல. அங்க பாரு, பறவைதான்."

தாழ்ந்த கிளையில், செம்மஞ்சள் வயிறும் சாம்பல் இறக்கையுமாக, கைக்குள் அடங்கும் பறவை ஒன்று. தொண்டை துடிக்க அது ஃபோண்டோவின் சீட்டியை அடித்தது. கடைசி வெட்டில் அவன் மூச்சு வாங்குவதுகூட இருந்தது.

"பறவைன்னு தெரிஞ்சும் எதுக்குடா நடுங்குற?"

தோயா கிளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு தடவ ரெண்டு தடவ கேட்டு இது கத்துக்காது அக்கா. திரும்பத் திரும்பக் கேக்கணும். அன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து..."

"நீ இருந்தியா?"

"நிறுத்துங்கடான்னு மாமா ஓடி வந்தாரு. மரம் திரும்பி விழுந்துருச்சு. இடுப்புக்குக் கீழ மாட்டிக்கிட்டாரு. நாங்க ஓடிட்டோம். காட்டோரம் வர்ற வரைக்கும் சீட்டி கேட்டுச்சு. உன்னத்தான் கூப்பிட்டாரு. அக்கா எப்படியும் வந்துரும்னு நெனச்சேன்."

அவனை அடித்துக் கொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் கை எழவில்லை. ஈரத் தூளிலேயே உட்கார்ந்தாள்.

"எனக்கும் கேட்டுச்சுடா" என்றாள்.

பறவை இன்னொரு முறை அடித்துவிட்டுப் பறந்தது.

"ரம்பத்த எடு."

"ஜெயில்ல போட்டுருவாங்க அக்கா."

"போடுவாங்க. எடு."

வனக் காவல் அலுவலகம் வரைக்கும் அவன் முன்னாலும் இவள் பின்னாலுமாக நடந்தார்கள். அங்கே தோயா மற்ற மூவரின் பெயரையும், மரம் வாங்கியவன் பெயரையும் சொன்னான்.

ஊர்க்கூட்டத்தில் ஜும்வா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி செய்ததோடு, தான் செய்யாததையும் சொன்னாள். மாமரத்தடியில் ஒருவரும் அசையவில்லை. ஃபோண்டோவின் அக்கா மட்டும் எழுந்து, இடுப்பில் சுற்றிய துணியை உதறிக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் ஜும்வா வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

மறுநாள் காலை ஸிதி புதுக் கூடையோடு வந்து நின்றாள். "தழைக்குப் போகணும். நீ முன்னால நட."

நவம்பரில் அந்தப் பறவை எங்கோ போய்விட்டது. மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. ஜும்வாவுக்கு அந்த அமைதிதான் தாங்கவில்லை.

காவல் குழுவில் இப்போது அவளும் போகிறாள், இன்னும் இரண்டு பெண்களோடு. கிளை முறிந்தாலும் குரங்கு குதித்தாலும் நின்றுவிடுவாள். போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். "ஒண்ணுமில்ல, வா" என்று கூட வருபவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் அவள் திரும்பி வரும்வரை காத்து நிற்பார்கள்.