எண்பத்தாறு கிலோ நானூறு கிராம்

எங்கள் வீட்டில் "போறும்" என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. இலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து, "போறும் கங்காக்கா, போறும்" என்று நான் அலறினால், விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி விழும். சுடச்சுட விழுவதால் கையை எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுத்த இடத்தில் அடுத்த கரண்டி. கல்யாணமாகி கொச்சி மட்டாஞ்சேரிக்கு வரும்போது நான் ஐம்பத்திரண்டு கிலோ. இந்த இருபத்தெட்டு வருஷத்தில் மேலே ஏறியதெல்லாம் என் நாத்தனார் கங்காவின் கைவண்ணம்.

கங்காக்கா என் கணவருக்கு மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சமையலறையைக் கட்டிக்கொண்டவள். என்னோடு சண்டை போட்டாலும் நெய்யப்பம் சுடுவாள், சமாதானம் ஆனாலும் சுடுவாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் வீட்டில் மருந்துக்குத்தான் அந்தக் கெடு.

கணவர் வெங்கிட்டு, களமசேரியில் ஒரு தொழிற்சாலையின் எடைமேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். லாரி உள்ளே வரும்போது எவ்வளவு, வெளியே போகும்போது எவ்வளவு என்று எழுதுவது அவர் வேலை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தேங்காயைக் கையில் வாங்கினால், "அறுநூத்தி இருபது" என்பார். தராசில் வைத்தால் அறுநூற்றுப் பதினைந்து காட்டும். இவர் தராசைச் சந்தேகப்படுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ரத்தம் நிற்காமல் இரண்டு நாள் எல்லாரையும் பயமுறுத்திவிட்டேன். அப்போது இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எங்கள் தெருக்கோடிக் கோயில் கிருஷ்ணனுக்கு ஒரு துலாபாரம் நேர்ந்துகொண்டார். தராசின் ஒரு தட்டில் ஆளை உட்கார்த்தி, மறு தட்டில் அதே எடைக்குக் கதலிப்பழம் வைத்துச் சாமிக்குக் கொடுப்பது. ஊரில் எல்லாரும் நேர்வதுதான். ஆனால் ஊரில் எல்லாரும் 'அவள் எடைக்கு எடை' என்று வேண்டிக்கொள்வார்கள். இவர் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து, 'எண்பத்தாறு கிலோ நானூறு கிராம்' என்று வேண்டிக்கொண்டார். சாமியிடம்கூடத் தோராயமாகப் பேசத் தெரியாத மனிதர்.

நான் பிழைத்தேன். துலாபாரத்துக்கு நாள் பார்த்துப் பார்த்தே இரண்டு வருஷம் ஓடியது. இந்த வருஷம் மழை தொடங்கும்போது, பழைய தையல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. குடலிறக்கம் என்றார் டாக்டர்.

"இந்த எடையிலே தைச்சா தையல் மறுபடியும் பிரிஞ்சுடும். எழுபத்தாறுக்குக் கீழே வாங்க, செய்யலாம். தள்ளிப்போடாதீங்க. உள்ளே குடல் மாட்டிக்கிட்டா உசிருக்கு ஆபத்து" என்று சொல்லி, கிருஷ்ண ஜயந்தியான அஷ்டமி ரோகிணி கழிந்து பதினைந்தாம் நாளைக் குறித்துக் கொடுத்தார்.

வீட்டில் வந்து சொன்னேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கங்காக்கா உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நேர்ந்ததை நிறைவேத்தலையோன்னோ, அதாக்கும் வயத்துலே வந்து முட்டறது. முதல்லே துலாபாரம். அஷ்டமி ரோகிணிக்கே நடத்திடணும்."

யாரும் மறுக்கவில்லை. நானும் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளிலிருந்து காலையில் நடக்கவும் சோற்றைக் குறைக்கவும் ஆரம்பித்தேன். ஒன்றரை மாசத்தில் நான்கு கிலோ குறைந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது என் ரவிக்கை. ஒரு காலை கங்காக்கா என் தோளைப் பிடித்து, தொளதொளத்த துணியை இரண்டு விரலால் இழுத்துத் தம்பிக்குக் காட்டினாள்.

"பாத்தியா வெங்கிட்டு? சாமிக்கு எண்பத்தாறுன்னு வாக்குக் கொடுத்தது நீ. இவ எண்பத்திரண்டாயிட்டு உக்காரப்போறா. கலப்படமில்லையோ இது?"

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லாரியில் சரக்குக் குறைந்தால் அப்படித்தான் துடைப்பாராம்.

"வாக்கு சரியா இருக்கணும், ஸ்வர்ணம். கொறஞ்சா அது ஷார்ட்டேஜ்."

"டாக்டர் சொன்னது காதுலே விழலையா உங்களுக்கு?"

"டாக்டருக்கு நாளை மாத்திக்கலாம். கிருஷ்ணன் பொறந்த நாளை மாத்த முடியுமோ? அதுவரைக்கும் நன்னா சாப்பிடு. துலாபாரம் ஆயாச்சுன்னா, பின்னே எளச்சுக்கோ."

"பதினஞ்சு நாள்லே பத்து கிலோவா?"

"மனசு வெச்சா முடியாததில்லை" என்றாள் கங்காக்கா, ஒரு கிண்ணம் நெய்யை எடுத்துக்கொண்டே.

பெங்களூரில் இருக்கும் மகள் ஸுப்ரியாவுக்கு போன் போட்டு அழுதேன். அவள், "அம்மா, ஒரு டயட் சார்ட் அனுப்பறேன்" என்று ஆறுதல் சொன்னாள். அனுப்பினாள். அதில் பாதி சாமான் எங்கள் கடைத்தெருவில் யாரும் கேள்விப்படாதது. கூடவே கங்கா அத்தைக்குத் தனியாக போன் போட்டு, ஓணத்துக்கு வரும்போது அடைப் பிரதமன் பாயசம் வேண்டும் என்று சொல்லிவைத்தாள்.

குளியலறையில் இருந்த எடை மெஷினைக் கங்காக்கா பரணில் ஏற்றினாள். தினம் பார்த்தால் கண் படுமாம். என் எடைக்கு என் கண்ணே படுமாம். வாயைத் திறந்து சண்டை போட்டுப் பார்த்தேன். திறந்த வாயில் ஒரு நெய்யப்பம் வந்ததுதான் மிச்சம். அதன்பிறகு நான் சண்டையை விட்டுவிட்டு, "கொடுங்கோ அக்கா, சாப்பிடறேன்" என்று நல்ல பெண்ணாகிவிட்டேன்.

நான் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் பில் போடுகிறேன். இரண்டு கடை தள்ளி ஒரு சுக்கு கோடவுன். அங்கே மூட்டை தூக்கும் பிச்சை, விருதுநகர்ப் பக்கத்துக்காரர், என் வயசுதான். கங்காக்கா கட்டித்தரும் நாலடுக்குத் தூக்கு தினமும் அவர் கைக்குப் போனது. அவரும் கூட்டாளிகளும் தின்றார்கள். பதிலுக்கு எனக்கு வெள்ளரிக்காயும் சுண்டலும் வாங்கி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சுக்கு மூட்டைகளுக்கு நடுவே நானும் தராசில் ஏறுவேன்.

"எழுவத்தொம்பது இருநூறு, மாமி. சாக்குக்குக் கழிவு உண்டு, சேலைக்கும் கழிச்சிருவமா?"

"கழிக்க வேண்டாம். கோடவுன் வழக்கத்தை எனக்காகக் கெடுக்காதீங்கோ."

"மாமி, ஒங்க வீட்டு நெய்யப்பம் தின்னுதின்னு எனக்கு மூட்டை தூக்க மூச்சு வாங்குது. நீங்க எளைக்கிறதுக்குள்ள நான் ஊதிருவேன் போல."

அந்தக் கோடவுன் வாசலில் மட்டும்தான் யாரோ என் பக்கம் இருந்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு வெள்ளிக்கிழமை தராசிலிருந்து இறங்கி அழுதேன். சொந்த வீட்டில் பயந்து ஒளித்துச் செய்ய நான் திருட்டா செய்கிறேன்? பிச்சை சுண்டல் பொட்டலத்தை நகர்த்தி வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ராச்சாப்பாட்டுக்கு வேறு வழி வைத்திருந்தேன். இவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர். என் இலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவர் இலைக்குத் தள்ளிவிடுவேன். ஒரு நாளும் கவனித்ததில்லை. அந்த ஆவணிக்குள் அவர் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்தது. கங்காக்கா என் காலி இலையைப் பார்த்துப் பூரித்துப்போனாள். ரவிக்கைகளை ராவோடு ராவாகப் பிடித்துத் தைத்துக்கொண்டதால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அஷ்டமி ரோகிணி வந்தது. பிச்சையும் இரண்டு பேரும் தள்ளுவண்டியில் கதலிப்பழத்தைக் கொண்டுவந்து கோயிலில் இறக்கினார்கள். இவர் முதல் நாளே மண்டியில் நின்று, சீப்புச் சீப்பாக நிறுத்து, எண்பத்தாறு கிலோ நானூறு கிராம் சரியாக எடுத்திருந்தார். கடைசியில் நானூறுக்காக ஒரு சீப்பிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்தாராம். கங்காக்கா தன் பங்குக்கு, துலாபாரம் முடிந்ததும் நான் களைத்துப்போவேன் என்று, பித்தளைத் தூக்கு நிறைய அடைப் பிரதமனும், ஒரு டின் நெய்யப்பமும், ஒரு டின் முறுக்கும் சுமந்து வந்திருந்தாள்.

தெருவே கூடியிருந்தது. நான் கிருஷ்ணனைக் கும்பிட்டுத் தட்டில் ஏறி உட்கார்ந்தேன். மறு தட்டில் பழம் ஏற ஆரம்பித்தது. முக்கால்வாசிக்கு மேல் போனதும் என் தட்டு லேசாக ஆடியது. இன்னும் நாலைந்து சீப்பு ஏறியதும் இரண்டு தட்டும் சமமாக நின்றன.

"மதி, மதி. சரியாயி" என்று, போதும் என்பதாகக் கையைக் காட்டினார் அர்ச்சகர் மேல்சாந்தி.

"இன்னும் ஒம்பது கிலோ பாக்கி இருக்கே" என்றார் இவர். மிச்சப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிற்பை நான் மறக்கமாட்டேன். முப்பது வருஷத்தில் ஒரு லாரிகூட அவரை அப்படி ஏமாற்றியிருக்காது.

"ஆள் எடைக்குப் பழம் ஆயல்லோ."

"நான் ஆள் எடைன்னு நேரலை. எண்பத்தாறு நானூறுன்னு கிலோக் கணக்கிலே நேர்ந்தது. அவ்வளவும் ஏறணும்."

மேல்சாந்தி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "எங்கில் ஏறட்டே" என்று விட்டுவிட்டார். மிச்சப் பழமும் ஏறியது. நான் மேலே போனேன். கால் தரையிலிருந்து போய், தலை உத்தரத்துக்குப் பக்கத்தில் போய், தெரு முழுக்க அண்ணாந்து பார்க்க, ஒரு ஐம்பது வயசுப் பொம்மனாட்டி கதலிப்பழத்துக்குத் தோற்று அந்தரத்தில் தொங்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

"எழுபத்தேழு நானூறு!" என்று கீழிருந்து இவர் கத்தினார். மனசுக்குள் கழித்துவிட்டார்.

"அத்தனை சோறும் எங்கே போச்சு?" என்றாள் கங்காக்கா.

"உங்க தம்பி சட்டைப் பொத்தானைக் கேளுங்கோ" என்றேன் மேலிருந்து.

தட்டு சமமாகாமல் இறக்கக் கூடாது என்றார் மேல்சாந்தி. ஏறின பழத்தை எடுக்கவும் கூடாதாம், சாமிக்கு ஆகிவிட்டது. என் பக்கம் ஒன்பது கிலோ வேண்டும். எல்லாரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தட்டின் உயரத்திலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"கங்காக்கா, அந்தத் தூக்கை இங்கே வையுங்கோ."

"இது நீ சாப்பிடறதுக்காக்கும்!"

"எனக்குள்ளே போகவேண்டியதுதானே? பக்கத்துலே இருந்தா என்ன?"

மேல்சாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, நைவேத்தியத்துக்கு ஆகாது, எடைக்கு வைக்கலாம் என்றார். இவர் கயிற்றைப் பிடித்து என் தட்டை இழுத்துத் தாழ்த்தினார். தூக்கைக் கையில் வாங்கி, "அஞ்சு இருநூறு" என்றார். நெய்யப்ப டின், "ரெண்டு முன்னூறு." முறுக்கு, "ஒண்ணரை." ஒவ்வொன்றாக என் பக்கத்தில் வைத்துக் கயிற்றை விட்டார். தராசு ஆடாமல் நின்றது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

அது எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. "ஏன்னா, எனக்கு ஒண்ணு சொல்லுங்கோ. 'அவ எடைக்கு எடை'ன்னு ஒரு வார்த்தை நேர்ந்திருந்தா என் வயத்துலே இத்தனை நாள் அடைக்காம இருந்திருப்பேளே. அந்த நானூறு கிராம் எதுக்கு?"

தராசுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு ஒன்னை உள்ளே கொண்டுபோனப்போ, என் கையிலே ஒரு சீட்டுதான் இருந்தது. அதுலே அவ்வளவுதான் எழுதியிருந்தது. உள்ளே போனது அத்தனையும் எனக்குத் திரும்பி வரணும், ஒரு கிராம் கொறையக் கூடாதுன்னு கேட்டேன். எனக்கு வேறே எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை."

என் கோபம் போகவில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "திரும்பி வந்தாச்சு. இனிமே கொஞ்சம் விட்டுக்கொடுங்கோ" என்றேன். "இன்னும் ஒண்ணரைக் கிலோ கொறஞ்சாத்தான் என்னை உள்ளே கொண்டுபோவா. மறுபடியும் நீங்க வராந்தாவிலே நிக்கணும். தெரியறதா?"

அவர் தலையை ஆட்டினார்.

கீழே இறங்கியதும் தூக்கையும் டின்னையும் பிச்சை கையில் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு நெய்யப்பத்தைக் கடித்துவிட்டு, கங்காக்கா பக்கத்தில் நிற்பது தெரியாமல், "தெனமும் திங்கிறதவிட இன்னைக்கு வெல்லம் தூக்கல் மாமி" என்றார். கங்காக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு மாசத்துச் சமையல் எங்கே போனது என்று விளங்கிவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும், பாராட்டிய வாயைக் கங்காக்கா கோபித்துக்கொண்டதே இல்லை. "வெல்லம் இன்னிக்குப் புதுசாக்கும்" என்று அவருக்கு விளக்கம் சொன்னாள்.

மேல்சாந்தி பிரசாதமாக ஒரு சீப்புப் பழம் கொடுத்தார். கங்காக்கா அதிலிருந்து மூன்றைப் பிய்த்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"பிரசாதமாக்கும். வேண்டாம்னு சொல்லப்படாது. வாயைத் திற."

நான் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் வாய்க்குக் குறுக்கே வைத்தேன். இவர் நடுவில் வந்து, அக்காவின் கையிலிருந்து மூன்று பழத்தையும் வாங்கினார். இரண்டைத் தன் வேட்டி மடியில் போட்டார். மூன்றாவதை உரித்து, கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, சரிபாதியாக விண்டு ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"அவளுக்கு இது போறும்" என்றார்.

கங்காக்கா வாயைத் திறந்தாள். எனக்குத் தெரிந்து, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் மூடினாள்.