பதினோராம் எண் தட்டு

கிருமிகளை எண்ணுவதுதான் அவள் வேலை. ஆரோக்கியமான ஆட்களின் சிறுநீரில் கொஞ்சம் கிருமியைக் கலந்து, தட்டில் தடவி, மறுநாள் காலையில் எத்தனை பிழைத்தன என்று பார்ப்பாள். பெரும்பாலும் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள்தான் தேறும். மற்றவற்றைச் சிறுநீரகம் சுரக்கும் குட்டிப் புரதங்கள் தீர்த்துக்கட்டியிருக்கும்.

பதினோராம் தட்டில் மட்டும் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. மூன்றாம் முறையும் அப்படியே.

"டியூப்ல ஏதோ அழுக்கு. தூக்கிப் போட்டுடும்மா," என்றார் ஆய்வகத் தலைவி.

அவள் தலையாட்டினாள். ஓர் ஆள் குறைந்ததால் தன் சிறுநீரையே பதினொன்றாக வைத்திருந்ததைச் சொல்லவில்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் அவளுடைய சிறுநீரகம் ஒன்று அண்ணனுக்குப் போகிறது. ஆஸ்பத்திரியின் எல்லாப் பரிசோதனையிலும் தேறிவிட்டாள்; இந்தப் புரதத்தை அங்கே யாரும் அளக்கவில்லை.

மாற்றிவைத்த பிறகு, புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்க அண்ணனின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்குவார்கள். அப்போது கிருமி வந்தால் இந்தச் சிறுநீரகம்தான் காவல். இதுவோ கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற ரகம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆபரேஷன் என்றாலே அவளுக்குப் பயம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தட்டைப் பார்த்ததும் முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால், சொல்வதே தப்பிக்கத் தேடிய சாக்குப்போல் பட்டது.

மாலையில் டயாலிசிஸ் அறைக்குப் போனாள். கையில் இரண்டு குழாய்களோடு படுத்திருந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அப்போ உன்னுது சோம்பேறிக் கிட்னியா?"

"சிரிக்காதண்ணா."

"என்னுது ரெண்டும் வேலைக்கே வர்றதில்ல. சோம்பேறி வந்தா பதவி உயர்வே குடுப்பேன்." பிறகு குரல் இறங்கியது. "பயமா இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுக்காகச் சொல்லல."

"பயமும் இருக்கட்டும், இந்தக் காரணமும் இருக்கட்டுமே, யாரு வேண்டாம்னா? டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா, தங்கச்சியைத் தப்பிக்க விடுறேன்னு நினைப்பாரு."

"அவர் வேண்டாம்னுட்டா?"

"இந்தக் கட்டில் எனக்குப் பழகிடுச்சு," என்று சொல்லிவிட்டுச் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் அவள் சொன்னதையெல்லாம் டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். "இது ஒண்ணை வச்சு நிறுத்த மாட்டோம். தேதியைத் தள்ளிவச்சு இன்னும் சில சோதனை பண்ணணும். அதெல்லாம் சரியா வந்தா, குடுக்க நீங்க தயார்தானே?"

"தயார்தான்," என்றாள்.

காதில் விழவில்லை போல, டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அவள் இந்த முறை சத்தமாக, இன்னொரு தடவை சொன்னாள்.