மாப்பிள்ளை போன குழாய்

எண்ணெய்க் குழாய்க்குள் ஒரு கருவியை விடுவார்கள். அமுக்கினால் சுருங்கும் நுரைப்பஞ்சு உடம்பு, சுற்றிலும் செப்புத் தகடுகள், வயிற்றுக்குள் பேட்டரி. ஓட்டத்தோடு போகும். போகிற வழியெல்லாம் தகடுகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பதிவு செய்துகொள்ளும். குழாய்க்குள் எங்கே படிவு ஏறியிருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அதற்குப் பன்றி என்று பெயர். லப்பைக்குடிக்காட்டுக்காரனான நான் விடிந்தால் அடைந்தால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டா வேலை பார்ப்பது?

கூட வேலை பார்த்த தர்மன்தான் வழி சொன்னான். "குளிப்பாட்டுறோம், துடைக்கிறோம், ஊர்வலமா அனுப்புறோம். அந்தப் பக்கம் ஆளு நின்னு வரவேற்குது. மாப்பிள்ளைன்னே சொல்லுவோம் பாய்."

அன்றிலிருந்து அது மாப்பிள்ளை. ஓமான் பாலைவனத்தில் குழாயின் இந்த முனையில் நான், அந்த முனையில் தர்மன், நடுவில் வெறும் மணல். "மாப்பிள்ளை கெளம்பிட்டாரு" என்று வாக்கிடாக்கியில் சொல்வேன். "பொண்ணு வூடு ரெடி" என்பான். பிறகு, "வந்துட்டாரு". அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் நான் வால்வைத் திருப்புவேன். நிஜமாகவா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பிழைக்கக் கடல் தாண்டிப் போன சபராளி என்றால் ஊரை நினைத்து உருக வேண்டும் என்று எழுதாத சட்டம் இருக்கிறது. நான் ஊருக்குத் திரும்பி, மகன் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பாலைவனத்தை நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். தகரக் கொட்டகை, ஒரே தட்டில் குப்பூஸ் ரொட்டி, கந்தக வாடை, தர்மனின் குறட்டை எல்லாம் வேண்டியிருந்தது. சாகிராவிடம் சொன்னால், "இங்கன ஒரு பொண்டாட்டி இருக்கா, அவளையும் கொஞ்சம் நெனைங்க" என்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் தர்மன் போன் செய்தான். "நல்லாருக்கீங்களா பாய்" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மணல்ல இருந்தவரைக்கும் நீ வா போன்னவன்தானே? ஊருக்கு வந்ததும் என்ன நீங்க?" என்று கத்தினேன். அவன் சிரிக்கவில்லை. குரலில் வேறு ஏதோ இருந்தது.

அவன் ஊர் வேப்பந்தட்டைக்குத் தெற்கே. மேல்நிலைத் தொட்டியிலிருந்து புறப்படும் குடிநீர்க் குழாய் கடைசியாக வந்து சேர்வது அவர்களுடைய கிழக்குத் தெருவில். கொஞ்ச காலமாக அங்கே தண்ணீர் சொட்டுகிறது, அவ்வளவுதான். தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். மற்ற தெருக்காரர்களும் மனு கொடுத்தார்கள்: கிழக்குத் தெருவின் முதல் வீட்டில் குழாயில் திருட்டுத்தனமாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், அதனால்தான் பின்னால் வருவதில்லை என்று. அந்த முதல் வீடு தர்மனின் அக்கா இருசம்மாளுடையது.

"திங்கக்கெழம வந்து தெருவுக்கே இணைப்பைத் துண்டிக்கிறாங்களாம் பாய். குழாய்ல அடைப்புன்னு நிரூபிச்சா புதுக் குழாய் போட்டுத் தரேன்னு இன்ஜினீயரம்மா சொல்லிருக்கு. இல்லன்னா நாங்க திருடங்கதான்."

கம்பெனி ஒதுக்கித் தள்ளிய ஒரு சின்ன மாப்பிள்ளையை நான் கேட்டு வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து பரணில் வைத்திருந்தேன். "இதை என்ன மிக்சியிலயா மாட்டப் போறீங்க?" என்று சாகிரா கேட்டுக்கொண்டே இருந்த சாமான். அதற்குப் புது பேட்டரி போட்டு, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, சனிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன். இரு பக்கமும் மக்காச்சோளம். வழியெல்லாம் எனக்குப் பாட்டு வந்தது. ஒரு தெருவின் மானம் போகப்போகிறது, இவன் பாட்டுப் பாடுகிறான் என்று யாராவது நினைத்திருந்தால் அது நியாயம்தான்.

தொட்டிக்கடியில் தர்மன் நின்றான். தலை நரைத்திருந்தது, தொப்பை விழுந்திருந்தது. பக்கத்தில் இன்ஜினீயர் பிரவீணா. சின்னப் பெண். முகத்தில் கடுகடுப்பும் இல்லை, சலுகையும் இல்லை. இருசம்மாள் காலிக் குடத்தோடு வந்து நின்றாள். வயலில் வேலை செய்து காய்த்துப்போன கை.

"தம்பி, என் மூஞ்சியப் பாரு. எங்க வூட்டுல மோட்டார் இல்லடா."

"தெரியும்க்கா" என்றான் தர்மன், மாப்பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டே.

வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடச் சொன்னோம். தொட்டியடியில் நான் அதை உள்ளே விட்டேன். அவன் தெருக் கோடிக்கு ஓடினான். போனில், "மாப்பிள்ளை கெளம்பிட்டாரு" என்றேன். "பொண்ணு வூடு ரெடி" என்றான். கண் கலங்கிவிட்டது எனக்கு. இதற்காகத்தான் இத்தனை நாள் கல்லாவில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. பிதுங்கிப் பிதுங்கிப் போய்ச் சேர நேரமானது. "வந்துட்டாரு பாய்!" என்று அவன் கத்தியபோது அந்த மணல்வெளி முழுவதும் ஒரு நிமிடம் வேப்பந்தட்டைப் பக்கம் வந்துவிட்டுப் போனது.

அவன் மாப்பிள்ளையைத் தூக்கிவர, பதிவை என் லேப்டாப்பில் போட்டேன்; மின்சாரம் பாய்ந்த அளவு கோடாக விரிந்தது. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிப் பார்த்தோம். இதுபோல் எத்தனை கோடு பார்த்திருக்கிறோம்! எண்ணெய்க் குழாயில் கோடு உயர்ந்தால் அழுக்கு, தாழ்ந்து கிடந்தால் சுத்தம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

தொட்டிக்குப் பக்கத்தில் கோடு உயரத்தில் இருந்தது. கிழக்குத் தெரு தொடங்குகிற இடத்தில் சட்டென்று கீழே விழுந்து, கோடி வரைக்கும் அப்படியே கிடந்தது.

"சுத்தம்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அந்தச் சொல்.

தர்மன் என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை கோட்டைப் பார்த்தான். அப்புறம் எழுந்து விறுவிறுவென்று அக்கா வீட்டுப் பக்கம் நடந்தான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து தகரம் உருளும் சத்தம், விறகு சரியும் சத்தம், "மோட்டார எங்க வச்சிருக்க, சொல்லு! எங்க பொதைச்சு வச்சிருக்க!" என்று அவன் குரல். தெருவே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

பிரவீணா அதற்குள் என் பக்கத்தில் வந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், கோடு உயரமா இருந்தா படிவுன்னா, தொட்டிகிட்ட இருக்கற முதல் துண்டு போன வருஷம்தான் புதுசா மாத்துனோம். அதுல எப்படி சார் இவ்வளவு படிவு வரும்?"

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

எண்ணெயில் மின்சாரம் பாயாது. அடியில் தேங்கும் உப்புநீர்ச் சேற்றில்தான் பாயும். அதனால் அங்கே கோடு ஏறினால் அழுக்கு. இங்கே ஓடுவதே தண்ணீர். தண்ணீரில் பாயும், படிந்து இறுகிய சுண்ணாம்பில் பாயாது. இங்கே கோடு இறங்கினால்தான் அடைப்பு. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் குடிநீர்க் குழாயின் முன்னால் உட்கார்ந்து ஓமான் குழாயைப் பார்த்திருக்கிறோம். அவ்வளவு ஆசை அந்தப் பழைய நாட்கள்மேல்.

"தர்மா! தலைகீழாப் பாத்துட்டோம்டா! வா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கையெல்லாம் மண்ணோடு வந்தான். நான் விளக்கிச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

அன்று பிற்பகலே தெருமுனையில் தோண்டிக் குழாயை அறுத்தார்கள். சிமெண்ட் ஆலைகளுக்கே சுண்ணாம்பு கொடுக்கிற பூமி எங்களுடையது. உலைப்பானையின் அடியில் ஏறுவதுதான் குழாயிலும் ஏறியிருந்தது. வெள்ளைக் கல். நாலு இஞ்ச் குழாயில் இரண்டு விரல் நுழைகிற அளவு துவாரம்தான் மிச்சம். பிரவீணா படம் எடுத்துக்கொண்டார். துண்டிப்பு கிடையாது, புதுக் குழாய்க்கு எழுதுகிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். தெருப் பையன்கள் விசில் அடித்தார்கள். மனு கொடுத்தவர்கள் சத்தமில்லாமல் கலைந்தார்கள்.

தர்மன் உடைந்த கல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டான். "நீயும் வா பாய்" என்றான். தனியாகப் போகப் பயம் என்று புரிந்தது.

இருசம்மாள் வீட்டுக்குப் பின்னால் விறகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சரித்துவிட்டது. குளியலறைத் தகரம் ஒரு பக்கம் தொங்கியது. அடுப்புச் சாம்பல்கூடக் கிளறப்பட்டிருந்தது.

"அக்கா, குழாய்லதான் கல்லுக்கா. இந்தா பாரு. மெஷின் சரியாத்தான் காட்டியிருக்கு. நாங்கதான் தப்பாப் படிச்சுட்டோம்."

அவள் கல்லைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"காலையில என் மூஞ்சியப் பாருன்னு சொல்லி, இல்லடான்னேனே. அதுல தப்பாப் படிக்க என்னடா இருந்துச்சு?"

தர்மன் குனிந்து கல்லைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விறகை எடுத்து அடுக்கப் போனான். அக்கா அதை அவன் கையிலிருந்து வாங்கி, தானே அடுக்கினாள்.