ருசி பார்க்காத கை

கரமனைக் கோயில் மடைப்பள்ளியில் இருபத்தாறு வருஷமாக வெண்கல உருளியில் பாயசம் வைக்கிறேன். என் ரத்தத்தின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதரை என்று பார்த்ததும் டாக்டர் ராஜஸ்ரீ, "சோறு, இட்லி, பாயசம் எல்லாத்தையும் விடணும். ஆனா உருளி பக்கத்துல நிக்கற உங்களுக்கு இது நடக்காது சுவாமி, கேட்டேளா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து என்ன பேச்சு!

அன்று முதல் பனீர், கீரை, தேங்காய் போட்ட வெண்டைக்காய், இவைதான் சாப்பாடு.

மூன்று மாதம் கழித்து, நேற்று ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆறே கால்! மாத்திரையைக் குறைக்கலாம். தினம் பாயசம் வச்சுண்டு, ஒரு ஸ்பூன்கூட எப்படி வாயில போடலை?"

"நிவேத்யத்துக்கு முன்னாடி ருசி பார்க்கப்படாது டாக்டர். கரண்டியிலேர்ந்து விழற தாரையைப் பார்த்தே பதம் சொல்லுவேன். இருபத்தாறு வருஷப் பழக்கமாக்கும்."

"நிவேத்யம் கழிஞ்சா பிரசாதமாச்சே. அப்போ?"

"அப்போ வரிசையில நின்னு வாங்கிக் குடிக்கறவா முகத்தைப் பார்ப்பேன். ஒருத்தராவது ரெண்டாந்தரம் கை நீட்டாத நாளே இல்லை."